அயோடின் குடித்தவள் பிள்ளை பெறலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. ஊர் நாகர்கோவில் பக்கம். தைராய்டில் கட்டி வந்து, பாப்பிலரி கேன்சர் என்று சொல்லி, சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அப்புறம் 100 மில்லிகியூரி ரேடியோ அயோடின் கொடுத்துத் தனி அறையில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அது முடிந்து 14 மாதம் ஆகிறது. ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது, குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரச்சினை வீட்டில்தான். என் கணவர் என் சொந்த அத்தை மகன். என்னைத் தூக்கி வளர்த்த அத்தையே, "உடம்புல கதிர்வீச்சு ஏறின பொண்ணு, பிறக்கிற பிள்ளை எப்படி இருக்குமோ" என்கிறார். கர்ப்பமாக இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு வந்தால் என்னை அடுத்த அறையில் இருக்கச் சொல்கிறார்கள். ஜீன் மாறிவிடும், மூன்று தலைமுறைக்குத் தொடரும் என்று ஒரு வீடியோவும் பார்த்தேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. பேசாமல் ஒரு குழந்தையைத் தத்து எடுத்துக்கொள்ளலாமா? உண்மையைச் சொல்லுங்கள் டாக்டர். (பெயர் வேண்டாம்.)

பதில்: அன்புள்ள சகோதரி,

நீங்கள் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். தத்து எடுப்பது நல்ல காரியம்தான், மனமிருந்தால் அதையும் செய்யுங்கள். ஆனால் இந்தப் பயத்துக்காக எடுக்க வேண்டியதில்லை.

இப்படி ஒரு வரியில் சொல்லிவிட்டால் உங்கள் அத்தை நம்பமாட்டார். நீங்களும் இரண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் அந்த வீடியோவை மறுபடி பார்ப்பீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாத்தனார் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன், அதுதான் சுலபம். உங்களுக்குக் கொடுத்தது அயோடின்-131. அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 8 நாள். அதாவது 8 நாளுக்கு ஒருமுறை இருப்பதில் பாதி தானாகவே அழிந்து, கதிர்வீச்சு இல்லாத செனான் வாயுவாகிவிடும். 100 மில்லிகியூரி (மில்லிகியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பது பெரிய எண்ணாகத் தெரிகிறது. எடையில் பார்த்தால் அந்த ரேடியோ அயோடின் ஒரு மைக்ரோகிராம்கூட இல்லை. அணுக்களாக எண்ணினால் சுமார் 3700 லட்சம் கோடி. இதை 8 நாளுக்கு ஒருமுறை பாதியாக்கிக்கொண்டே வாருங்கள். 14 மாதத்தில் ஏறக்குறைய 53 முறை பாதியாகியிருக்கும். நீங்கள் குடித்த மருந்தில் ஒரு துளிகூட உடம்பைவிட்டு வெளியேறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், கணக்கில் மிஞ்சுவது ஓர் அணுவுக்கும் குறைவு. உண்மையில் அதில் பெரும்பங்கு முதல் இரண்டு மூன்று நாளிலேயே சிறுநீரில் போய்விட்டது. அந்த அறையில் "தண்ணீர் நிறையக் குடிங்க, அடிக்கடி பாத்ரூம் போங்க" என்று நச்சரித்திருப்பார்களே, அதற்காகத்தான். அந்தத் தண்ணீரும் நேரே சாக்கடைக்குப் போவதில்லை. டிலே டேங்க் என்ற தொட்டியில் தேக்கிவைத்து, வீரியம் அடங்கிய பிறகே வெளியே விடுவார்கள்.

ஆகவே இன்று உங்கள் உடம்பில் அந்த அயோடின் இல்லை. நாத்தனாரின் வயிற்றுப் பிள்ளைக்கு உங்களால் வரக்கூடியது என்று எதுவுமே இல்லை. வீடு திரும்பிய முதல் சில நாள், கர்ப்பிணிகளிடமிருந்தும் சின்னக் குழந்தைகளிடமிருந்தும் தள்ளி இருக்கச் சொன்னது சரிதான். உடம்பில் மீதியிருந்த அயோடினிலிருந்து காமா கதிர் வெளியே வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அந்தச் சில நாளை வீட்டில் 14 மாதமாக நீட்டிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி போட்டு "இன்ன நாள் வரை" என்று எழுதித் தராததால் வரும் வினை இது. பல இடங்களில் "குழந்தைகளைத் தூக்க வேண்டாம்" என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். எதுவரை என்று இல்லாத தடை வீட்டில் தீட்டு மாதிரி ஆகிவிடுகிறது.

சரி, மருந்து போய்விட்டது. அது இருந்த நாட்களில் கருமுட்டையில் ஏதாவது செய்துவிட்டுப் போயிருக்குமா? உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இந்தக் கேள்விதான். இது நியாயமான கேள்வி. கதிர்வீச்சு மரபணுவை மாற்றவே மாற்றாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஹெர்மன் முல்லர் 1927-லேயே பழ ஈக்கள் மீது எக்ஸ்-ரே பாய்ச்சி, அவற்றின் சந்ததியில் மரபணு மாற்றங்கள் வருவதைக் காட்டினார். அதற்கு 1946-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறகு அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் வில்லியம் ரஸ்ஸல், லியேன் ரஸ்ஸல் தம்பதியர் லட்சக்கணக்கான எலிகளை வைத்து அதையே பாலூட்டிகளிலும் பார்த்தார்கள். எலியிலும் மாற்றம் வந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது, அதைத்தான் அந்த வீடியோக்காரர்கள் சொல்வதில்லை. அதே அளவு கதிர்வீச்சை ஒரே அடியாகக் கொடுக்காமல், மெல்ல மெல்லப் பல நாளாகக் கொடுத்தால் மாற்றங்கள் கணிசமாகக் குறைந்தன. செல்லுக்குத் தன் டி.என்.ஏ.வைப் பழுதுபார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அவகாசம் கொடுத்தால் அது வேலை செய்கிறது. ரேடியோ அயோடின் ஒரே நொடியில் விழும் அடி அல்ல. நாள்கணக்கில் பரவிக் குறைந்துகொண்டே போவது.

உங்கள் சினைப்பைக்கு எவ்வளவு போயிருக்கும்? அயோடின்-131 வெளியிடும் பீட்டா கதிர் திசுவுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. கழுத்தில் மிச்சமிருந்த தைராய்டுத் திசுவில் போய்ச் சேர்ந்தது அங்கேயே தன் வேலையை முடித்துக்கொண்டது. சினைப்பைக்கு வருவது பெரும்பாலும் இரத்தத்தில் சுற்றிய அயோடினாலும், பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பை, குடலில் இருந்து வந்த காமா கதிராலும். 100 மில்லிகியூரிக்கு அது சுமார் 140 முதல் 150 மில்லிகிரே என்று கணக்கு. (கிரே என்பது உடம்பு வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு, ஆயிரம் மில்லிகிரே ஒரு கிரே.)

இந்த அளவுக்குப் பிள்ளைகளிடம் என்ன ஆகும்? மனிதரில் இதை யாரும் சோதனை செய்து பார்க்க முடியாது. ஆனால் 1945-ல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு போட்ட பிறகு, இந்தக் கேள்விக்கு விடை தேடியே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. போருக்குப் பிந்தைய ஜப்பானில் அரிசி ரேஷன். கர்ப்பிணிகள் ஐந்தாம் மாதம் பதிவு செய்துகொண்டால் கூடுதல் ரேஷன் கிடைக்கும். ஆய்வாளர்கள் அந்தப் பதிவேட்டையே பிடித்துக்கொண்டார்கள். எந்தத் தாய் குண்டு விழுந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தாள், பிரசவம் எப்படி ஆனது என்று குறித்தார்கள். மருத்துவச்சிகள் தகவல் சொன்னார்கள், டாக்டர்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்த்தார்கள். 1948 முதல் 1954 வரை சுமார் 77,000 பிரசவங்கள். பெற்றோர் கதிர்வீச்சு வாங்கியதால் பிள்ளைகளிடம் பிறவிக் குறையோ, இறந்து பிறப்பதோ தெளிவாகக் கூடியது என்று காட்ட முடியவில்லை. அந்தப் பிள்ளைகளை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். புற்றுநோய், இறப்பு என்று எதைப் பார்த்தாலும் அதே கதைதான்.

இங்கே உங்கள் அத்தை கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது: "ஹிரோஷிமாவுல ஊனமான பிள்ளைங்க பிறந்துச்சே, படம் பார்த்திருக்கோமே?" பிறந்தது உண்மை. தலை சிறுத்து, மூளை வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைகள் அவர்கள். ஆனால் குண்டு விழுந்தபோது அவர்கள் தாயின் வயிற்றுக்குள் இருந்தவர்கள், அதிலும் குறிப்பாக 8 முதல் 15 வாரக் கருவாக இருந்தவர்கள். கரு மீதே கதிர்வீச்சு பட்டது. பட்டுப் பல மாதம் கழித்துக் கருத்தரிப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிப் பயம் பிறக்கிறது. கர்ப்பிணிக்கு ரேடியோ அயோடின் கொடுக்கவே கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. 10, 12 வாரத்துக்குப் பிறகு கருவின் தைராய்டே அந்த அயோடினை உறிஞ்சிக்கொள்ளும், பிள்ளையின் சுரப்பி அழிந்துபோகும். உங்களுக்கு மருந்து கொடுக்கும் முன் கர்ப்பப் பரிசோதனை செய்திருப்பார்களே, அதன் காரணம் இதுதான். நெகட்டிவ் என்று பார்த்த பிறகுதான் குடிக்கக் கொடுத்தார்கள்.

ஹிரோஷிமா காலத்தில் மரபணுவையே எழுத்து எழுத்தாகப் படிக்க வழியில்லை. இன்று இருக்கிறது. செர்னோபில் அணு உலை விபத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு, துப்புரவுப் பணிக்குப் போனவர்களும் இதில் உண்டு, 1987 முதல் 2002 வரை பிறந்த 130 பிள்ளைகளின் முழு மரபணுத் தொகுதியையும் அவர்கள் அப்பா அம்மாவுடையதோடு ஒப்பிட்டார்கள். பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றிய மாற்றங்கள் எத்தனை என்று எண்ணினார்கள். நம் எல்லோரிடமும் அப்படிச் சில பத்து மாற்றங்கள் இருக்கும், அது இயற்கை. பெற்றோர் வாங்கிய கதிர்வீச்சு கூடக் கூட அந்த எண்ணிக்கை கூடவில்லை. 2021-ல் வெளியான ஆய்வு இது. அந்தத் தந்தையரில் சிலர் வாங்கியது நீங்கள் வாங்கியதைவிடப் பல மடங்கு.

உங்கள் ஊர்ப்பக்கமே ஒரு சாட்சி இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணல் உங்களுக்குத் தெரியும். அதிலுள்ள மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. இதே மாதிரி மணல் கேரளத்தில் கொல்லம் பக்கம் இன்னும் அதிகம். அங்கே சில இடங்களில் ஆண்டுக்கு 45 மில்லிகிரே வரை இயற்கைக் கதிர்வீச்சு உண்டு. அவ்வளவு உயர்ந்த இடங்கள் கொஞ்சம்தான், பெரும்பாலான வீடுகளில் அதைவிடக் குறைவு. ஆனால் ஜனங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கொல்லம் ஆய்வுக்கூடம் 1995-லிருந்து அங்குள்ள ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்து வந்தது. ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல். கதிர்வீச்சு கூடிய பகுதி, குறைந்த பகுதி என்று பிரித்துப் பார்த்ததில் பிறவிக் குறைகளில் அதற்கேற்ற வித்தியாசம் தெரியவில்லை.

ரேடியோ அயோடின் குடித்த பெண்களையே நேராகப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. பிரான்சில் தைராய்டு கேன்சர் சிகிச்சை பெற்ற பெண்களின் 2,673 கர்ப்பங்களை அலசி 2008-ல் வெளியிட்டார்கள். அயோடின் குடித்த பிறகு உண்டான கர்ப்பங்களில் பிறவிக் குறை கூடவில்லை. கொரியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தைராய்டு கேன்சர் பெண்களின் பதிவுகளை வைத்து 2020-ல் வந்த ஆய்வு இன்னும் பயனுள்ளது. அயோடின் குடித்து ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தவர்களிடம் பிரச்சினைகள் அதிகம் இருந்தன. ஆறு மாதம் தாண்டியவர்களிடம் அந்த அதிகம் இல்லை. நீங்கள் 14 மாதம் தாண்டியவர்.

அதனால்தான் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுக்கச் சொல்கிறோம். இதற்குக் காரணம் ஏதோ ஜீன் கெட்டுப்போய், அது சரியாக அவ்வளவு நாள் ஆகும் என்பது அல்ல. அயோடின் முழுக்க அழிய வேண்டும், அந்த நேரத்தில் முதிர்ந்துகொண்டிருந்த கருமுட்டைகள் கழிந்துவிட வேண்டும், இன்னொரு டோஸ் தேவைப்படுமா என்று தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், தைராய்டு மாத்திரையின் அளவு உங்கள் உடம்புக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். அதற்குத்தான் பாதி நாள் போகிறது.

நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டதால், ஆய்வில் எதுவும் தெரியவில்லை என்பதோடு நிறுத்தமாட்டேன். மனிதரில் தெரியாவிட்டாலும், எலியில் கண்டதை வைத்து ஐ.நா.வின் கதிர்வீச்சு விளைவுகளுக்கான அறிவியல் குழு 2001-ல் ஒரு மதிப்பீடு கொடுத்தது. பெற்றோர் ஒரு கிரே மெதுவாக வாங்கினால், பத்து லட்சம் குழந்தைகளில் 3,000 முதல் 4,700 பேருக்குக் கூடுதலாக மரபுக் கோளாறு வரலாம் என்பது அது. நீங்கள் வாங்கியது ஒரு கிரேயில் ஏழில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் பத்தாயிரம் குழந்தைகளுக்கு நான்கு முதல் ஏழு. எந்தக் கதிர்வீச்சும் படாத தம்பதிகளுக்கே பத்தாயிரத்தில் ஏறக்குறைய முந்நூறு குழந்தைகள் ஏதாவது ஒரு முக்கியமான பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். முந்நூறு என்பது முந்நூற்று ஏழு ஆகலாம். காகிதத்தில் இருக்கும் ஆபத்து இவ்வளவுதான். வாழ்க்கையில் அது கண்ணில் படாததில் ஆச்சரியம் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். கணவர் சொந்த அத்தை மகன் என்றீர்கள். உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, நம்மில் பல குடும்பங்களின் கதை அது. ஆனால் பத்தாயிரத்தில் ஏழைப் பற்றி 14 மாதம் தூங்காமல் இருக்கும் வீட்டில், இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறவிக் குறைக்கான வாய்ப்பு, பொது மக்களைவிட நூற்றுக்கு இரண்டு மூன்று கூடுதல். பத்தாயிரத்தில் சொன்னால் இருநூறு முந்நூறு. கதிர்வீச்சுக்காக நாம் போட்ட அந்த ஏழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதிலும் பயப்பட ஒன்றுமில்லை, நூறில் தொண்ணூறுக்கும் மேல் குழந்தைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். ஆனால் இதற்குச் செய்வதற்குக் காரியம் இருக்கிறது. கருத்தரிக்கும் முன்பே ஒரு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பக்கத்துக் குடும்பக் கதையும் அவருக்குத்தான் தெரியும். சின்ன வயதில் இறந்த குழந்தைகள், காது கேட்காதவர்கள், வலிப்பு, தசை பலவீனம் என்று யார் யாருக்கு என்ன இருந்தது என்று அங்கே கேட்பார்கள். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான கேரியர் சோதனை இருவருக்கும் செய்துகொள்ளுங்கள். கருத்தரித்த பிறகு 18, 20 வாரத்தில், கருவின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன். பிள்ளை பிறந்ததும் காது கேட்கும் சோதனையும், குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் செய்யும் தைராய்டு சோதனையும் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்த தம்பதிக்கு நான் எப்போதும் சொல்வதுதான். அயோடினுக்காகச் சொல்லவில்லை.

அடுத்தது தைராக்சின் மாத்திரை. கதிர்வீச்சைவிட உங்கள் பிள்ளைக்கு நூறு மடங்கு முக்கியமான விஷயம் இதுதான் என்பது என் கருத்து. உங்களுக்குச் சுரப்பி இல்லை. கரு தனக்கான தைராய்டு ஹார்மோனைத் தானே போதுமான அளவு சுரக்க ஆரம்பிக்கக் கர்ப்பத்தில் பாதி நாள் போய்விடும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டியது நீங்கள் விழுங்கும் மாத்திரையிலிருந்துதான் போகிறது. கர்ப்பமானதும் உங்களுக்கான தேவை நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூடும், அதுவும் முதல் சில வாரங்களிலேயே. ஆகவே நாள் தள்ளிப்போய் டெஸ்டில் இரண்டு கோடு விழுந்த அன்றே உங்கள் தைராய்டு டாக்டருக்குப் போன் போடுங்கள். அடுத்த மாதச் செக்கப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அப்புறம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். தைராய்டு ஹார்மோன் போதாவிட்டால் ஏறும் அளவு அது.

இதில் ஒரு சின்ன இடறல் உண்டு, நான் வாரத்துக்கு ஒருமுறையாவது பார்ப்பது. மகப்பேறு வார்டில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுப்பார்கள். தைராய்டு ஆபரேஷன் ஆனவர்கள் பலர் முன்பே கால்சியம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். "எல்லாத்தையும் காலையில சேர்த்துப் போட்டுக்கறேன் டாக்டர், மறந்துடக் கூடாதுல்ல" என்பார்கள். அப்படிப் போட்டால் இரும்பும் கால்சியமும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும். மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே போகும், காரணம் யாருக்கும் புரியாது. தைராக்சினை விடிகாலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போடுங்கள். காபிக்கு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் கழியட்டும். இரும்பும் கால்சியமும் மதியச் சாப்பாட்டுக்கு மேல், குறைந்தது நான்கு மணி நேரம் தள்ளி. மாத்திரை சூடு, மாசமா இருக்கையில் வேண்டாம் என்று யாராவது சொன்னால், சொன்னவர் யாராயிருந்தாலும் கேட்காதீர்கள்.

கேன்சர் கண்காணிப்புக்காகக் கர்ப்பத்தில் கழுத்து அல்ட்ராசவுண்டும் தைரோகுளோபுலின் இரத்தப் பரிசோதனையும் போதும். இரண்டிலும் கதிர்வீச்சு இல்லை. அயோடின் ஸ்கேன் மட்டும் பிரசவம் ஆகும் வரை கூடாது. பிரசவத்துக்குப் பிறகு ஒருவேளை இன்னொரு டோஸ் தேவைப்பட்டால், தாய்ப்பாலைக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அந்தக் குழந்தைக்கு மறுபடி கொடுக்க முடியாது. அடுத்த குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஏற்கெனவே குடித்த டோஸால் இப்போது பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பால் கொடுப்பதில் எந்தத் தடையும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, பல வாசகர்கள் தனியாகக் கேட்பது: "என் கேன்சர் பிள்ளைக்கு வருமா?" பாப்பிலரி வகை பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்வதில்லை. மெடுல்லரி என்ற வேறொரு வகையில்தான் நான்கில் ஒருவருக்குப் பரம்பரைக் காரணம் இருக்கும். அதற்கு ரேடியோ அயோடினே வேலை செய்யாது. உங்கள் பயாப்சி ரிப்போர்ட்டில் பாப்பிலரி என்று இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஆண்களுக்கும் ஒரு பத்தி எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கணவன் அயோடின் குடித்த வீட்டில் பழி எப்படியும் மனைவி மேல் வந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதனால் நான்கு மாதம் பொறுத்தால் போதும் என்கிறோம். எண்ணிக்கை சில மாதம் குறைந்து பிறகு ஏறிவிடும். திரும்பத் திரும்ப டோஸ் வாங்கி மொத்தம் 400 மில்லிகியூரியை எட்டக்கூடியவர்கள் முதலிலேயே விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றிப் பேசிக்கொள்வது நல்லது. அது குழந்தைப் பேறே குறையலாம் என்பதற்காக, ஊனமாகப் பிறக்கும் என்பதற்காக அல்ல. எலும்பு ஸ்கேனுக்குப் போடும் டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம், பெட் ஸ்கேன் ஃப்ளோரினுக்கு 110 நிமிடம். அவற்றுக்கு இந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது. எலும்பு வலிக்குக் கொடுக்கும் ஸ்ட்ரான்சியம்-89 போன்றவை 50 நாள் அரை ஆயுள் கொண்டவை. அவற்றுக்குக் கணக்கு வேறு, உங்கள் டாக்டர் சொல்லும் காலத்தை அப்படியே கடைப்பிடியுங்கள்.

கடைசியாக உங்கள் அத்தைக்கு. இதை அவரே படிக்கட்டும், அல்லது படித்துக் காட்டுங்கள்.

அம்மா, 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, காற்றில் வந்த கதிர்வீச்சு கிரீஸ் நாட்டையும் தொட்டது. அங்கே மக்களுக்குக் கிடைத்தது ஒரு மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு, ஒன்றுமே இல்லாத மாதிரி. ஆனால் பத்திரிகையும் அக்கம்பக்கமும் பேசிய பேச்சில், சில டாக்டர்களும் தடுமாறியதில், ஆசையாகச் சுமந்த சுமார் 2,500 கர்ப்பங்களைக் கலைத்துவிட்டார்கள் என்று அடுத்த ஆண்டே அங்குள்ள மருத்துவர்கள் கணக்கிட்டு எழுதினார்கள். அந்தக் குழந்தைகளைக் கதிர்வீச்சு தொடவில்லை. உங்கள் மருமகளுக்கு வந்த கேன்சரை 1940-களிலிருந்து இந்த மருந்தை வைத்துத்தான் உலகமெங்கும் சரிசெய்து வருகிறோம். குடித்த பெண்கள் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் பிள்ளை பெற்றுவிட்டார்கள். நாத்தனார் அடுத்த முறை வரும்போது இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிடலாம். மருமகள் காலையில் மாத்திரை போட்டாளா என்று மட்டும் நீங்கள் தினமும் கேளுங்கள். காபியைக் கொஞ்சம் தாமதமாகப் போடுங்கள்.

சகோதரி, உங்களுக்கு: கடைசியாக டி.எஸ்.எச். எப்போது பார்த்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், முயற்சி தொடங்கும் முன் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரிடம் போங்கள். கேன்சருக்காக டி.எஸ்.எச்.-ஐ மிகவும் அடக்கி வைத்திருந்தால், கர்ப்பத்துக்கு எந்த அளவில் வைக்கலாம் என்று அவரே சொல்வார்.